தாழைக்குப்பத்து ஐஸ் அறை

தேசிங்குக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு குமுதவல்லி அம்மைக்கு நாற்பத்தேழு. தன்னைவிடச் சின்னவரைக் குருவாக ஏற்றதில் தேசிங்குக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. கேட்ட கேள்விக்கு அம்மை ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை என்பதுதான் குறை.

தேசிங்கு முப்பது வருஷம் மின்கம்பம் ஏறிப் பிழைத்தவர். ஓய்வு பெற்றதும் தாழைக்குப்பத்துக் கடற்கரையில் அம்மை நடத்திய சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். தியானம் கற்றுக்கொள்ள வந்தவரை அம்மை முதல் வாரமே குப்பத்துக்குள் அனுப்பினார்.

"அங்க மீன் அழுகுது. போய்ப் பாருங்க."

அவ்வளவுதான் உபதேசம். தேசிங்கு போய்ப் பார்த்தார். கரைவலையில் காலையில் ஏறும் மீன், பெண்கள் கூடை சுமந்து சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் கண் வெளுத்துவிடும். ஐஸ் டவுனிலிருந்து வர வேண்டும். வண்டி வந்தால் ஐஸ் இருக்கும், வராவிட்டால் நாற்றம்தான் இருக்கும்.

வெயிலில் ஓடுகிற ஐஸ் அறை ஒன்றை ஊரே சேர்ந்து கட்டலாம் என்றார் தேசிங்கு. கேட்டவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஆனாலும் மூன்று தெருக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். மணல் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள், அறையை ஒட்டியிருந்த வலைக்கூடத்துக் கூரையில் சோலார் தகடுகளை ஏற்றினார்கள். உப்புக்காற்றில் தகடு மங்கிப்போகும் என்று தெரிந்ததும், தினம் ஒரு வீடு நல்ல தண்ணீர் கொண்டுவந்து துடைப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிய இரண்டு வருஷம் ஆனது.

வடக்குத் தெரு மட்டும் எட்டிப்பார்க்கவில்லை. அங்கே பூங்காவனம் என்று ஒரு மீன்காரம்மா இருந்தார். வாய்க்காரர். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெயிலு பட்டா மீன் கருவாடாவும். ஐஸாவா ஆவும்? லைன்மேன் ஐயாவுக்கு எங்கயோ ஷாக் அடிச்சிருக்கு."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வடக்குத் தெருவின் பதினெட்டுக் கூடைக்காரிகளும் சிரித்த வாயோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு ஒருத்தரும் ஒரு சட்டி மண்கூடச் சுமக்கவில்லை.

ஐஸ் உறைந்தது. வெள்ளை வெளேரென்று, பாளம் பாளமாக. மூன்றாவது வாரம் பூங்காவனமே கூடையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

தேசிங்கு மண் சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியலை விரித்தார். நிதானமாக மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "உங்க பேரு இதுல இல்லையேம்மா" என்றார். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் இரண்டு வருஷம் காத்திருந்தார். சொன்னபோது நாக்கு இனித்தது.

பூங்காவனம் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

இனிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அறையில் குளிர் தங்க மறுத்தது. உச்சி வெயிலுக்குள் ஐஸ் வேர்த்துச் சொட்டியது. மீன் தொளதொளத்தது. தேசிங்கு கூரைமேல் ஏறித் தகடுகளைத் துடைத்தார், கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார், தலையைப் பிய்த்துக்கொண்டார். இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை.

"இன்னும் ஒரு வாரம் பாப்பம். இல்லாட்டி டவுன் ஐஸுக்கே போயிடறம்" என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள். பிறகு அறைக்குப் பூட்டு ஒன்றுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து, வடக்குத் தெருவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அங்கே பெண் கொடுத்தவர்கள் வேறு நச்சரித்தார்கள்.

தேசிங்கு மடத்துக்கு ஓடினார். அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி. மண்ணு சுமக்காதவங்களுக்கு அறையில பங்கு உண்டா?"

அம்மை துணியைப் பிழிந்து உதறினார்.

"நாளைக்குக் காலையில கரைவலை இழுக்கறாங்க. வர்றீங்களா?"

தேசிங்கு மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் போனார்.

விடிந்ததும் இழுக்க ஆரம்பித்தார்கள். கடலுக்குள் அரைவட்டமாக விட்டிருந்த வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசை இழுத்தது. அம்மை முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு வரிசையின் கடைசியில் போய் நின்றார். தேசிங்கு உள்நாட்டுக்காரர். கையைக் கட்டிக்கொண்டு மணலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

வெயில் ஏறியது. கயிறு அங்குலம் அங்குலமாக வந்தது. வலையின் பை, மீன் நிறைந்த மடி, அலை உடைகிற இடத்துக்கு வந்தபோது வரிசை திணறியது. அம்மை திரும்பிப் பார்த்தார்.

"தேசிங்கு, கை வைங்க!"

ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். பத்து முழம் இழுத்திருப்பார். மடி கரையேறிவிட்டது.

மீனைப் பங்கு பிரித்தார்கள். வலைக்குச் சொந்தக்காரர் வைரவன் தேசிங்கின் முன்னாலும் ஒரு குவியல் வைத்தார்.

"எனக்கா? நான் பத்து முழந்தான் இழுத்தேன்."

"கயித்துல கை வச்சீங்கல்ல?"

"விடியக்காலையிலேருந்து இழுத்தவங்க இருக்காங்களே. அவங்களுக்கு இது அநியாயம் இல்லையா?"

வைரவன் சிரித்தார். "அவங்களைத்தான் கேளுங்களேன். மடி அலையில நிக்கறப்ப ஒரு கை கொறைஞ்சா, விடியக்காலையிலேருந்து இழுத்ததையும் சேத்துக் கடல் புடுங்கிக்கும். அந்நேரம் ஓடியாற ஆளை யாருய்யா எப்ப வந்தேன்னு கேப்பா?"

தேசிங்கு அம்மையைப் பார்த்தார். அம்மை கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று தேசிங்குக்குப் பட்டது. சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கே வடக்குத் தெருவுக்குப் போனார். பூங்காவனம் வாசலில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பட்டியல்ல உங்க பேரையும் சேத்துட்டேம்மா. உங்க தெரு மொத்தத்துக்கும் ஐஸ் தர்றோம். நாளையிலேருந்து வாங்க."

பூங்காவனம் தலையை நிமிர்த்தவில்லை.

"பிச்சை போட வந்தீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா. உங்க பங்கு."

"நான் என்ன செஞ்சேன், பங்கு குடுக்க? என் கையி இன்னும் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க உங்க பட்டியலை."

செதில் ஒன்று பறந்து வந்து தேசிங்கின் சட்டையில் ஒட்டியது. அதோடு திரும்பினார். அவமானத்தில் காது மடல் எரிந்தது.

அம்மை மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"போனேன்மா. வரமாட்டேங்கறாங்க. நல்லதுக்குக் காலம் இல்லை."

"என்ன கேட்டீங்க?"

"கேக்கறதா? நான் குடுக்கப் போனேன்மா."

"ஓ" என்றார் அம்மை. விளக்குமாறு நிற்கவில்லை.

தேசிங்கு தணிந்த குரலில் கேட்டார். "அவங்ககிட்ட நான் என்னம்மா கேக்கறது?"

"உங்களுக்கு எது முடியலையோ அதை."

மறுநாள் காலை தேசிங்கு மறுபடியும் வடக்குத் தெருவுக்குப் போனார். இந்த முறை பட்டியல் கொண்டுபோகவில்லை. பூங்காவனம் கூடைக்குச் சும்மாடு சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அறையில குளிர் தங்கமாட்டேங்குது. எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். எனக்குப் புரியலை." சிரமப்பட்டுச் சொன்னார். "நீங்க முப்பது வருஷமா ஐஸும் மீனும் சுமக்கறீங்க. ஒரு எட்டு வந்து பாப்பீங்களா?"

பூங்காவனம் அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அறை வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்தார். ஒரு பெண் வந்தாள். தேசிங்கு கதவைத் திறந்து உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த பட்டியலில் பெயர் பார்த்து, ஐஸ் எடுத்துக் கொடுத்துக் கதவைச் சாத்தினார். அடுத்த பெண் வந்தாள். மறுபடி கதவு, மறுபடி பட்டியல். அதற்கடுத்து ஒருத்தி. நடுவில் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தேசிங்கு இரண்டு தடவை திறந்தார்.

"யோவ் லைன்மேன்!"

தேசிங்கு திடுக்கிட்டார்.

"இன்னாது இது, அறையா சத்திரமா? ஒவ்வொரு பேரையும் சரிபாக்க ஒவ்வொரு வாட்டி தெறந்தா குளிரு எங்கேருந்து இருக்கும்? ஐஸ் பொட்டியை நாங்க ஒருக்காத்தான் தெறப்பம். சந்தையில போயித்தான் தெறப்பம்."

பூங்காவனம் உள்ளே போய்ப் பார்த்தார். அதற்கும் திட்டு விழுந்தது.

"பாதி அறை காலி. காலி எடமெல்லாம் காத்து. கதவு தெறந்தா மொதல்ல ஓடறது அந்தக் காத்துதான். கூடையைக் கூடை முட்ட அடுக்கணும். உமி எங்க? சாக்கு எங்க? ஐஸை இப்படியா அம்மணமா வெப்பாங்க?"

அன்று சாயங்காலமே வடக்குத் தெருவிலிருந்து பதினெட்டுப் பேரும் வந்தார்கள். உமி மூட்டை வந்தது. நனைத்த சாக்கு வந்தது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, நாலு தெருவும் வாசலில் கூடிய பிறகுதான் கதவு திறக்க வேண்டும் என்று பூங்காவனம் சட்டம் போட்டார். வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். ஒரு கூடையும் கீழே இறங்காமல் உள்ளே போனது. எல்லாருடைய கூடையும் சேர்ந்ததும் அறை இடைவெளி இல்லாமல் நிறைந்தது.

ஒரு வாரம் கழிந்தது. மேலத்தெருக்காரர்கள் டவுன் ஐஸைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். தகடு துடைக்கும் முறையில் வடக்குத் தெரு வீடுகளும் சேர்ந்துகொண்டன. பக்கத்துக் குப்பத்திலிருந்து நாலு பேர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.

தேசிங்கு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"என்ன தேசிங்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

அம்மை காத்திருந்தார்.

"நான் ஆரம்பிச்ச அறைம்மா அது. இன்னிக்குக் காலையில உள்ள போகப் பாத்தேன். நேத்து வந்த பூங்காவனம் என்னைத் தடுத்து, சும்மா சும்மா உள்ள வராதீங்க, வெளியவே நில்லுங்கன்னு சொல்லிட்டாங்க. அத்தனை பேர் முன்னால."

"நின்னீங்களா?"

"வேற வழி? நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"மதியம் வரைக்கும்."

"மதியம் ஐஸ் எப்படி இருந்துச்சு?"

தேசிங்கு யோசித்தார். சொல்ல மனசு வரவில்லை. ஆனால் பொய் சொல்லவும் வரவில்லை.

"காலையில வெச்ச மாதிரியே இருந்துச்சும்மா. ஒரு சொட்டுகூட உருகலை."

"அப்ப நல்லாத்தான் நின்னிருக்கீங்க" என்றார் அம்மை. "நாளைக்கும் அங்கேயே நில்லுங்க."