ஒரே தரம் விழும் சுவர்

"ஆறு படம் எடுத்துட்டீங்க மேடம். எல்லாமே ஏழைபாழைங்க கதை. பாத்துட்டு ஒரு ஆளாவது மாறினாங்களா?"

நாலு மணி டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆரோக்கியசாமி கேட்டார். உதவி இயக்குநர். வயது ஐம்பத்திரண்டு. இயக்குநர் மரகதவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும், இந்த அம்மாவிடம்தான் தொழில் கற்றேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"டீ ஆறுதுண்ணே" என்றார் மரகதவல்லி.

அன்றைக்குக் குடிசைகளை இடிக்கிற காட்சி. செட்டில் ஒரே ஒரு சுவர். ஒரு தரம்தான் விழும். அது விழும்போது, தள்ளி நிற்கும் தாயின் இடுப்பில் குழந்தை அழ வேண்டும்.

எட்டு மாதக் குழந்தை. படப்பிடிப்பு நடந்த குப்பத்திலேயே குடியிருக்கும் பொற்கொடிதான் நிஜத்திலும் அதன் தாய். ஒத்திகையில் கிளாப் பலகை 'டப்' என்றதும் குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. மறுபடி டப். மறுபடி சிரிப்பு.

"வீடு போகுதுடா ராஜா, கொஞ்சம் வருத்தப்படு" என்றார் கேமராமேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தொடையில ஒரு கிள்ளு போதும். எப்பவும் செய்யறதுதானே." டீயை வைத்துவிட்டு ஆரோக்கியசாமி விறுவிறுவென்று போனார். மரகதவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

"கிள்ளுங்க சார். பரவால்ல" என்றாள் பொற்கொடி.

வாய்தான் சொன்னது. கை குழந்தையின் தொடையை மூடிக்கொண்டிருந்தது.

மரகதவல்லி வந்து சேர்ந்தபோது ஆரோக்கியசாமி சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"முடியல மேடம். முதல் படத்துல நான்தானே கிள்ளினேன். ரெண்டு தரம்."

"தெரியும்ணே. கிள்ளச் சொன்னது நான்தானே."

"இப்ப ஷாட்டுக்கு என்ன பண்றது?"

"சிரிக்கட்டும்."

சுவர் விழுந்தது. குழந்தை கைதட்டிச் சிரித்தது. அதன் முகத்தைப் பார்த்த பொற்கொடிக்கு, யாரும் சொல்லாமலே அழுகை வந்துவிட்டது. 'கட்' சொன்ன பிறகும் யாரும் நகரவில்லை.

மரகதவல்லி அந்த ஆறின டீயைக் கொட்டிவிட்டு, புது டீ வாங்கி வந்து ஆரோக்கியசாமியிடம் நீட்டினார்.

"அப்ப என்னமோ கேட்டீங்களேண்ணே."

"ஒரு ஆளாவது மாறினாங்களான்னு."

"ரெண்டு பேர்ணே. டீ குடிங்க."