ஜமீன் இதுவரை தின்னாதது

ஊமச்சிப்பட்டியில் புத்தி இல்லாதவர் என்று யாரும் கிடையாது. இருந்த புத்தியை எல்லோரும் சிக்கனமாகச் செலவழித்தார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் மொக்கைச்சாமி, காசிமாயன், ஒச்சப்பன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஆடு வளர்த்தார்கள். ஆட்டுக்குக் காவலாக ஒரு நாய் வளர்த்தார்கள். நாயின் பெயர் ஜமீன்.

டாக்டர் பேச்சைத் தட்டாத குடும்பம் அது. நடுவுள்ளவரான காசிமாயனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. தின்றால் உதடு பணியாரம் மாதிரி உப்பிவிடும். "இனிமே கத்தரிக்காய் பக்கமே போகாதீங்க" என்று டவுன் டாக்டர் ஒரு நாள் சொல்லிவிட்டார். ஊரை விட்டு வெளியே போகும் பாதையில் ஒரு கத்தரித் தோட்டம் இருந்தது. அன்றிலிருந்து காசிமாயன் மலையைச் சுற்றித்தான் பஸ் ஏறப் போவார். கல்யாணத்துக்குக் கிளம்பினால் வளைகாப்புக்குப் போய்ச் சேருவார்.

இப்போது ஜமீனுக்கு அரிப்பு வந்துவிட்டது. காதைச் சொறியும், வயிற்றைச் சொறியும், முதுகைச் சுவரில் தேய்க்கும். நரி வந்து ஆட்டுக்குட்டியைக் கவ்வியபோதுகூட, இந்தக் காதை முடித்துவிட்டு வருகிறேன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்ததே தவிர எழுந்திருக்கவில்லை. மொக்கைச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டார்: தை பிறப்பதற்குள் அரிப்பு நிற்காவிட்டால் ஜமீனை வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும், வேறு நாய் வர வேண்டும். மொக்கைச்சாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜமீன் பக்கத்தில் உட்காராமல் அவர் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

நாயைத் தூக்கிக்கொண்டு மூவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். காசிமாயன் போய்ச் சேர்ந்தபோது மற்ற இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான்: தின்கிற பண்டத்தில் ஏதோ ஒன்று நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இதுவரைக்கும் இது சாப்பிடவே சாப்பிடாத ஒன்னாப் பார்த்துக் கொடுங்க. ரெண்டு மாசத்துக்கு வேற எதையும் வாயில வைக்க விடாதீங்க."

வீட்டில் ஆலோசனை நடந்தது. சோறு, கறி, கருவாடு, கம்பங்கூழ் எல்லாம் தின்ற நாய் அது.

"சோப்பு?" என்றார் ஒச்சப்பன்.

"போன பொங்கலுக்கே தின்னுருச்சு," என்றார் மொக்கைச்சாமி.

"என் செருப்பு?"

"ரெண்டையும் தின்னுருச்சேடா. வெறுங்காலோடதான நிக்கிற?"

ஒச்சப்பன் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

கடைசியில் பரங்கிக்காய் என்று முடிவாயிற்று. பேச்சியம்மாள் அதை வேகவைத்துத் தட்டில் வைத்தார். ஜமீன் ஒரு வாய் விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குக் குனிந்தபோது, காசிமாயன் பாய்ந்து தட்டைப் பிடுங்கினார்.

"என்னடா செய்யுற?" என்றார் மொக்கைச்சாமி.

"சாப்பிடாத ஒன்னைத்தானண்ணே கொடுக்கச் சொன்னாங்க? இப்ப இதைச் சாப்பிட்டுருச்சே."

மொக்கைச்சாமி வெகுநேரம் யோசித்தார். இவ்வளவு கூர்மை இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்து, மலைக்காற்றாக இருக்கும் என்று முடிவு செய்தார்.

அதிலிருந்து எந்தப் பண்டமானாலும் ஜமீனுக்கு ஒரே ஒரு வாய். இரண்டாவது வாய் பழசு. அன்னாசியில் ஒரு வாய், சேமியாவில் ஒரு வாய், பலாச்சுளையில் ஒரு வாய். மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று அண்ணன் தம்பிகள் தின்றார்கள். மூவரும் பூசினாற்போல் ஆனார்கள். ஜமீனின் விலா எலும்பை எண்ணலாம்போல் ஆயிற்று. அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. சொறியக் காலைத் தூக்கினால் சாய்ந்து விழுந்தது. மார்கழி முடியப் போகிறது, ஊரில் புதுப் பண்டமும் தீர்ந்துவிட்டது. பேச்சியம்மாள் வேறு நாய்க்குச் சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காசிமாயன் முந்தின நாளே கிளம்பியிருந்ததால் இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டார்.

நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா ஒரு விரலை நீட்டிக் காட்டினார். பிறகு பொறுமையாக விளக்கினார். "ஒரே பண்டம். புதுசா ஒன்னு. ரெண்டு மாசமும் அதையேதான் கொடுக்கணும், வயிறு நிறையக் கொடுக்கணும். புரியுதா?"

மூன்று தலைகளும் ஆடின. இந்த நேரத்தில் மேஜைக்கு அடியில் கிடந்த ஜமீன், டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு ஓரத்தில் ஒரு வாய் கடித்துக் கிழித்து, நன்றாக மென்று விழுங்கியது. பிறகு மொக்கைச்சாமியின் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. சொறியவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போதும் சொறியவில்லை. நாய் தூங்கிவிட்டது.

மொக்கைச்சாமிக்குக் கண் கலங்கியது. "காசிமாயா, இதுக்கு முன்னாடி இது கோட்டு தின்னுருக்கா?"

"நம்ம ஊர்ல யாருண்ணே கோட்டுப் போடுறா?"

மொக்கைச்சாமி டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். ரெண்டு மாசத்துக்குத் தேவையான கோட்டு அவரிடமே இருக்குமா, இல்லை வேறு ஆஸ்பத்திரிகளிலும் கேட்க வேண்டுமா என்று விசாரித்தார்.

அதுவரை கோட்டுப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"கொட்டையை எடுத்துட்டு வேக வைக்கணுமா டாக்டரம்மா, கொட்டையோடவா?"