பக்கிக்குக் கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, பக்கிக் குருவியும் மற்றக் குருவிகளைப் போலப் பகலில்தான் இரை தேடியது. வேலமரத்தில் கூடு, கூட்டில் இரண்டு முட்டை, பொழுது சாய்ந்தால் தூக்கம்.

ஒரு மாலை அந்த மரத்தடிக்கு அங்காயி வந்தாள். எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து, வயலுக்கு வயல் ஆட்டுக்கிடை போடும் குடும்பத்துப் பெண். பிள்ளை பெற்ற உடம்பு, கையில் பச்சைக் குழந்தை. புருஷன் மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த கிடைக்கு முன்னால் போய்விட்டான். மெல்ல நடந்து வந்தவளுக்கு இருட்டியதும் பாதை தெரியவில்லை. பக்கத்தில் நரி ஊளையிட்டது.

“யாராச்சும் பாதையக் காட்டுங்களேன்! புள்ளைய நரி விடாது போலிருக்கே!” என்று அழுதாள்.

காகம் கேட்காதது போலக் கண்ணை மூடிக்கொண்டது. மைனாவுக்கு எப்போதும் வாய்தான். “விடியட்டும் தாயி, நானே கூட்டிட்டுப் போறேன்” என்றது.

பக்கிக்கு மனசு கேட்கவில்லை. “நான் வர்றேன். ஆனா கூட்ட விட்டு எந்திரிச்சா மரநாய் ஏறி முட்டையத் தின்னுடுமே?”

“கீழ சருகுக்குள்ள வச்சுடுவோம். மண்ணு நெறம், எவன் கண்ணுக்கும் படாது” என்றாள் அங்காயி. “மண்ணுல உன் முட்டை கெடந்தாலும் சரி, பாதையில நீ உக்காந்திருந்தாலும் சரி, எங்க காலு சுத்தித்தான் போகும். இந்தப் புள்ள மேல சத்தியம்.”

அவளே முட்டைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். பக்கி பறந்துபோய்ப் பாதையில் உட்கார்ந்தது. அவள் கால் நெருங்கி வந்ததும் எழுந்து, சற்று முன்னால் போய் மறுபடி உட்கார்ந்தது. இப்படியே கிடையில் எரிந்த தீ தெரியும்வரை கூட்டிக்கொண்டு போனது. ஆடுகளைச் சுற்றிப் பறந்த பூச்சிகளை வயிறு முட்டத் தின்றது. திரும்பி வந்து பார்த்தால் முட்டை இரண்டும் சருகுக்குள் பத்திரமாக இருந்தன. அதன் பிறகு பகல் சாப்பாடு அதற்கு இறங்கவே இல்லை.

கிடைக்காரர்கள் சொன்ன சொல் தவறவில்லை. பக்கி உட்கார்ந்திருந்தால் மந்தையையே ஒதுக்கி ஓட்டினார்கள். ஆனால் அங்காயி தன் ஆட்களுக்காக மட்டும்தான் வாக்குக் கொடுத்தாள். பக்கியோ அதை மனிதர் எல்லாரும் கொடுத்ததாக எடுத்துக்கொண்டது. பாவம், அதற்கு என்ன தெரியும்!

அன்று முதல்தான் பக்கி கூடு கட்டுவதை விட்டு வெறுந்தரையில் முட்டையிடுகிறது; இருட்டியதும் பாதையில் வந்து உட்காருகிறது. இப்போது பாதையெல்லாம் தார் ரோடு, லாரி பறக்கிறது. பக்கிகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. மிஞ்சியவை, வெளிச்சம் கண்ணுக்கு நேராக வந்தாலும், சுற்றிப் போவார்கள் என்று நம்பி அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன.