பாகியின் குடிசைக்கு வாடகை

ஊரைவிடக் காடு பெரிதாக இருந்த காலத்தில், கருமலை நாட்டை அதிரன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மறந்துவிடுவான். மறக்கவிடாமல் நினைவூட்ட சபாபதியார் என்ற அமைச்சர் இருந்தார்.

ஆண்டுதோறும் காட்டோரத்தில் அரசனின் யானை முகாம் நடக்கும்; அந்நாட்களில் சபையும் அங்கேயே கூடும். அந்த வருடம் பிடிபட்ட கொம்பன் யானை, மாதி என்ற பெண் பாகியின் குரலுக்கு மட்டுமே அடங்கியது. அரசன் அவளைச் சபையில் புகழ்ந்தான். சபாபதியாருக்குப் பொறுக்கவில்லை.

“மன்னா, முகாமில் தங்கும் பணியாளர்கள் குடிசைக்கு ஒரு காசும் தருவதில்லை. பாதிச் சம்பளத்தை வாடகையாகப் பிடிக்கலாமே?”

“பிடியுங்கள்.”

அந்தப் பாதியில்தான் ஊரிலிருந்த மாதியின் பிள்ளைகள் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவள் நேரே சபைக்கு வந்தாள்.

“சாமி, குடிசை வேண்டாமுன்னா?”

“தாராளமாகக் காலி செய்” என்றார் சபாபதியார். “வியாபாரி எவனுக்காவது விடுவேன்.”

“அப்போ ஊர்ல இருந்தே வேலைக்கு வரேன். மூணு நாழிகை வழி. விடிஞ்சு கிளம்பி வருவேன், பொழுது சாஞ்சா போயிடுவேன்.”

“போய் வா, போய் வா!” என்று சிரித்தார் அமைச்சர். அரசனும் தலையசைத்தான்.

மறுநாள் விடியற்காலை அண்டை நாட்டு இளவரசன் வந்து நின்றான். கொம்பன்மேல் அதிரன் வருவதைக் காண அவனுக்கு ஆசை. கொம்பனோ சங்கிலியை இழுத்துப் பிளிறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போக ஒருவருக்கும் துணிவில்லை.

“சபாபதியாரே, அவிழ்த்துக் கொண்டுவாரும்” என்றான் அரசன்.

அமைச்சர் கரும்பை நீட்டிக்கொண்டு போனார். கொம்பன் கரும்பை வாங்கிக்கொண்டது. தலைப்பாகையையும் வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு துதிக்கைச் சேற்றை அவர்மேல் அடித்தது. இளவரசன் வாய்விட்டுச் சிரித்தான்.

வெயில் ஏறியபின் மாதி வந்தாள். “இரு, வந்துட்டேன்” என்றதும் கொம்பன் முன்காலை மடித்தது.

“ஏன் தாமதம்?” என்று அரசன் சீறினான்.

“தாமதமில்லை சாமி. சொன்ன நேரந்தான். நான் வீட்டுக்குப் போனது அதுக்குத்தான் தெரியலை.”

“இன்றே குடிசைக்குத் திரும்பு.”

“வரேன். வாடகை?”

அமைச்சர் முந்திக்கொண்டார்: “கூரைக்குக் கீழே படுத்தால் காசு கொடுக்க வேண்டாமா?”

“என் வீட்டுக் கதவை யாரு தட்டினாலும், திறக்கிறதும் திறக்காததும் என் இஷ்டங்க. இங்கே யானை கூப்பிட்டா எந்நேரமும் எழுந்திருக்கணும். மாட்டேன்னு சொல்ல முடியாத இடத்துக்கு நான் எதுக்குங்க வாடகை தரணும்?”

இளவரசன் சிரிப்பை நிறுத்தினான். அதிரன் மெதுவாக அமைச்சர் பக்கம் திரும்பினான்.

“சபாபதியாரே, பட்டுக் கூடாரத்தில் ஒரு மாதமாக இருக்கிறீர். உம்மை யார் கூப்பிட்டார்கள்?”

“காட்டுக் காற்று உடம்புக்கு நல்லதென்று… நானாகத்தான், மன்னா.”

“அப்படியானால் வாடகை தர வேண்டியவர் நீர்தான். மாதம் நூறு பொன். அது பாகர்களின் சம்பளத்தோடு சேரட்டும்.”

அன்று மாலையே பட்டுக் கூடாரம் காலியானது. மறுநாளிலிருந்து சபாபதியார் மூன்று நாழிகை வழி நடந்தே சபைக்கு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் சபை கலைந்திருக்கும்; நினைவூட்ட ஆளில்லாமல் நாட்டில் ஒரு புதுச் சட்டமும் நிலைக்கவில்லை.