கடைசி ரீலில் தெரிந்தது

“அம்மா, என் முகமே என்னைக் காட்டிக்கொடுத்துடுது” என்றான் அருளப்பன்.

நாற்பது வயது நடிகன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒரு பெரிய வேடம் கிடைத்திருக்கிறது. கொலைகாரன் வேடம். கொன்றது யார் என்பது படம் முடியும்போதுதான் தெரியவேண்டும். ஆனால் இவன் வந்து நின்றாலே தெரிந்துவிடுகிறது என்று டைரக்டர் கத்தினார். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

அதனால்தான் பழைய நடிகை தனக்கோடியம்மாள் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்திருந்தான். பெரிய பெரிய நடிகர்களுக்கெல்லாம் அவர்தான் குரு.

“படத்துல எத்தனை பேரைக் கொல்றே?”

“ஒருத்தரைத்தான்.”

“நிஜத்துல?”

“ஐயோ! என்னம்மா கேக்குறீங்க?”

“கொல்லணும்னு நெனச்சதாவது உண்டா?”

“கிடையவே கிடையாது.”

“ரொம்ப வேகமாச் சொல்றே” என்றார் அவர்.

அருளப்பன் பேச்சை மாற்றினான்.

“உங்க பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்மா. ஜமீன் பங்களா. ராத்திரி பாலைக் குடிச்ச ஜமீன்தார் காலையில பொணமாக் கிடக்கிறார். சமையல்காரருக்குக் கை நடுங்குது. தம்பிக்காரர் கண்ணை உருட்டுறார். டாக்டருக்கு வேர்த்துக் கொட்டுது. ஜமீன்தார் சம்சாரம் நீங்க மட்டும் பேசாம வெத்தலை மடிக்கிறீங்க. முடிவு தெரிஞ்சு பார்த்தாலும் உங்க முகத்துல ஒண்ணுமே இல்லை. எப்படிம்மா மறைச்சீங்க?”

“மறைக்கலையே. எனக்கே தெரியாது.”

“எது?”

“கொன்னது நான்னு.”

அருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“டைரக்டர் எங்கிட்ட வேற கதை சொன்னார். நீ குத்தமே பண்ணாதவ, கொழுந்தனைக் காப்பாத்தத்தான் பழியை ஏத்துக்கிறேன்னார். அதை நம்பித்தான் ‘கொன்றது நான்தான்’னு அழுதேன். எனக்குத் தெரியாம வேற ஒருத்திக்கு என் புடவையைக் கட்டி, பால்ல விஷம் கலக்குறதை முதுகுப்பக்கமா எடுத்துட்டார். கடைசி ரீல்ல அவ முதுகு. அடுத்தாப்ல என் முகம். தியேட்டர்லதான் பார்த்தேன்.”

“ஐயோ!”

“தியேட்டர்லயும் அப்படித்தான் கத்தினாங்க. நானும் சேர்ந்து கத்தினேன்.”



“அப்போ… அது நடிப்பே இல்லையா?”

“கேளு. தியேட்டர்ல பக்கத்து சீட்ல என் வீட்டுக்காரர். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகலை. படம் விட்டு வீடு வர்ற வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.”

“அப்புறம்?”

“மறுநாள் காலையில காப்பி குடுத்தேன். டம்ளரை வாங்கினார். உள்ளே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.”

“குடிச்சாரா?”

“சிரிச்சுக்கிட்டே குடிச்சார். நல்ல மனுஷன். கண்ணை மூடுற வரைக்கும் என் கையாலதான் சாப்பிட்டார்.”

அருளப்பன் மூச்சு விட்டான்.

“ஆனா குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி தயங்கினார் பாரு…”

“பயந்துட்டாரா?”

“அவர் பயந்தது இருக்கட்டும்.”

தனக்கோடியம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த நொடியில நீங்க என்னம்மா நெனச்சீங்க?”

கேட்டதும், ஏன் கேட்டோம் என்றிருந்தது அவனுக்கு.

அவர் அவனை நேராகப் பார்த்தார். குரல்கூட மாறவில்லை.

“அந்தக் காப்பியில நான் ஏதாவது கலந்திருக்கலாமேன்னு.”