மஞ்சில் தெரிந்த வட்டம்

நல்லுச்சாமிக்கு ஞானம் பல் விளக்கும்போது வந்தது.

போடிக்கு மேலே, மலை விளிம்பில், தகரக் கூரை போட்ட சின்ன மடம். குருவின் பெயர் சின்னநாச்சி. நாற்பது வயதுகூட இருக்காது. சீடர்கள் இரண்டு பேர், இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். நல்லுச்சாமி ஊர் ஊராக நாடகத்தில் ராஜபார்ட் போட்டவர். அட்டைக் கிரீடம் சுமந்து சுமந்தே முன்மண்டை வழுக்கையாகிவிட்டது என்பார். சடையாண்டி ஒரு காலத்தில் மெஸ் நடத்தியவர். ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சி, குளிருக்கு ஒரே போர்வையில் முடங்கி, இருவரும் அண்ணன் தம்பியாகவே ஆகிப்போனார்கள்.

நல்லுச்சாமி மலையேறியது சும்மா இல்லை. "ஒரு வெளிச்சத்தைப் பாக்காம இறங்க மாட்டேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு ஏறியவர். வருஷங்கள் ஓடியதுதான் மிச்சம்.

"தாயி, எனக்கு எப்ப?" என்று கேட்பார்.

"அரிசியில கல்லு பாத்துட்டீங்களாண்ணே?" என்பார் சின்னநாச்சி.

வருகிற தையோடு மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று நல்லுச்சாமி மனசுக்குள் முடிவு செய்திருந்தார். வெறுங்கையோடு ஊருக்குள் நுழைய வேண்டுமே என்பதுதான் ஒரே கவலை.

அன்று காலை பல்பொடி விரலோடு விளிம்புக்கு வந்தார். முதுகுக்குப் பின்னால் அப்போதுதான் சூரியன் தலை காட்டியிருந்தது. காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சு மூட்டம், பால் கொட்டி வைத்த மாதிரி. அதன் மேல் அவருடைய நிழல் விழுந்திருந்தது. சாதாரண நிழலா அது! மலையைத் தூக்கிவிடுகிற மாதிரி ஓர் ஆள். அந்த ஆளின் தலையைச் சுற்றி, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக, வட்டத்துக்குள் வட்டமாய் வானவில்.

அவர் குனிந்தார். நிழலும் குனிந்தது. தலையை ஆட்டினார். வட்டமும் கூடவே ஆடியது. வாயிலிருந்த பல்பொடியைத் துப்ப மறந்து அப்படியே விழுங்கிவிட்டார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இத்தனை அழகை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அதுவும் தன் தலையிலேயே!

வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் நடை மாறிவிட்டது. பாத்திரம் கழுவக் கூப்பிட்டால் கண்ணை மூடிப் புன்னகை செய்தார். கரிச்சட்டி தேய்க்கிற ஞானியை யார் பார்த்திருக்கிறார்கள்?

சடையாண்டிக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் விடிந்ததும் பின்னாலேயே வந்து, நன்றாகத் தள்ளி இன்னொரு பாறையில் ஏறி நின்றார்.

"அப்படி என்னத்தண்ணே பாக்குற, எங்கிட்டக்கூடச் சொல்லாம?"

நல்லுச்சாமிக்கு அடக்க முடியவில்லை. "நீயே பாரு சடையா. கீழ, மஞ்சுல பாரு. தலையைச் சுத்தி என்ன தெரியுது?"

சடையாண்டி பார்த்தார். "ஆத்தாடி!" என்றார்.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணே. எனக்கா? எனக்கா இதெல்லாம்?"

"உனக்கு எங்கடா? என் தலையைப் பாருன்னேன்."

"உன் தலை வெறுமனேதான கெடக்கு. என் தலையிலதான் ஜெகஜோதியா இருக்கு!"

"கண்ணு என்ன அவிஞ்சு போச்சா? உன் தலையில ஒரு மண்ணும் இல்ல."

"ராஜா வேஷம் போட்டவனுக்கு அடுத்தவன் தலையில ஒண்ணு இருந்தா பொறுக்காது!"

அதோடு பேச்சு நின்றது. அந்த மடத்தில் ஒருவர் துழாவ, ஒருவர் விறகைத் தள்ளித்தான் கஞ்சி வேகும். தீயைக் குறை என்று யார் முதலில் வாயைத் திறப்பது? கஞ்சி தினமும் அடிப்பிடித்தது. இரவில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள இருவருக்கும் மானம் தடுத்தது. அது நடுவில் மடித்தபடி கிடக்க, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துப் பல் கிட்டிக்க நடுங்கினார்கள்.

சின்னநாச்சி தீய்ந்த கஞ்சியைச் சத்தமில்லாமல் குடித்துவந்தார். ஒருநாள் மட்டும் கேட்டார்.

"என்னண்ணே, கஞ்சியில சுருட்டு வாசம் வருது?"

அவ்வளவுதான், இருவரும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்த்தார்கள்.

"பொய் சொல்றான் தாயி!"

"பொறாமை தாயி, பொறாமை!"

"அவ்வளவு அழகாவா இருக்கு? எனக்கும் காட்டுங்களேன்," என்றார் சின்னநாச்சி.

மறுநாள் சூரியன் வந்தது, மஞ்சு வரவில்லை. அடுத்த நாள் மஞ்சு வந்தது, சூரியன் வரவில்லை. இரண்டும் ஒத்துப்போன ஒரு காலையில் மூவரும் விளிம்பில் நின்றார்கள். முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சீடர்கள் ஆளுக்கொரு கோடியில், நடுவில் குரு. மஞ்சில் மூன்று நிழல்கள்.

சின்னநாச்சி கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். குதித்துப் பார்த்தார். "அடேயப்பா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"யார் தலையில தாயி இருக்கு?"

"என் தலையிலதான். உங்க ரெண்டு பேருக்கும் வெறுந்தலைதான் தெரியுது."

நல்லுச்சாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரமும் அவர் தன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் குருவின் நிழலைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தாயி..." என்று இழுத்தார். "உங்க தலையில எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"எனக்கும் தெரியல," என்றார் சடையாண்டி மெல்ல.

வட்டம் மெய் என்றால் குருவுக்கு ஞானமில்லை. குருவுக்கு ஞானம் உண்டு என்றால் வட்டம் பொய். பொய் என்றால் தையில் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். நல்லுச்சாமிக்கு எதையும் விட மனசு வரவில்லை.

"எடம் மாறி நின்னு பாருங்களேன்," என்றார் சின்னநாச்சி.

சீடர்கள் இடம் மாறினார்கள். ஒருவரையொருவர் தாண்டிப் போகும்போது தோள் இடித்தது.

"உன் எடத்துல நின்னாலும் எனக்கு என் தலையிலதான் தெரியுது," என்றார் நல்லுச்சாமி.

"எனக்கும் அப்படித்தாண்ணே."

"அப்ப நீ பொய் சொல்லலையா?"

"நீயும் சொல்லலையா?"

சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சடையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லுச்சாமிக்கும் வரத்தான் செய்தது. ஆனால் நெஞ்சில் முள் இன்னும் இருந்தது.

அப்போது கீழே மணிச்சத்தம் கேட்டது. காப்பி மூட்டை சுமந்த கழுதை ஒன்று, ஓட்டி வருகிறவனை வளைவிலேயே விட்டுவிட்டு, முந்தி ஏறி வந்து சின்னநாச்சியின் அருகில் மூச்சு வாங்கி நின்றது. மஞ்சில் இரண்டு நீளக் காதுகளின் நிழல் விழுந்தது.

நல்லுச்சாமி அதைக் கவனிக்கவில்லை. "தாயி, கடைசியாக் கேக்குறேன். நாம மூணு பேருல இது யாருக்கு வந்திருக்கு?"

சின்னநாச்சி கழுதையின் பிடரியைச் சொறிந்துவிட்டார்.

"மூணு பேரு எங்கண்ணே? நாலு பேருல்ல நிக்கிறோம்."

நல்லுச்சாமி மஞ்சைப் பார்த்தார். கழுதையின் நிழலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. பிறகு கழுதையைப் பார்த்தார். அது காதைக்கூட ஆட்டாமல் மஞ்சில் விழுந்த தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் சடையாண்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கழுதைக்கு மறைக்காமல் ஒதுங்கி நின்றார்.