கயிறு தொட்டவர் பங்கு

இதை எனக்கு முதலில் சொன்னது என் அண்ணன் மனைவி, மைனி ஞானப்பூ. என் இளையவளுக்குக் கல்யாணம் முடிந்த வருசம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து இரண்டு பேரும் நடந்து வரும்போது சொன்னாள். அவள் பிறந்த கரையில் நடந்தது. சொல்லி முடிக்குமுன் வீடு வந்துவிட்டது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று மீதியைக் கேட்டேன்.

அந்தக் கரையில் ஒரு கரைவலை இருந்தது. கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. வலை ஒரு ஆளுடையது இல்லை. அறுபது குடும்பம் சங்கம் வைத்துச் சேர்ந்து வாங்கியது. மீன் வைக்க ஒரு ஐஸ் ரூமையும் அவர்களே மண் சுமந்து கட்டினார்கள். அதனால் வியாபாரி சொல்கிற விலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டிய நிலை அங்கே இல்லை.

வலை கரை சேர்ந்ததும் மீனைக் கூறு போடுவார்கள். கயிறு தொட்டவர்களுக்கெல்லாம் ஒரு பங்கு. இழுத்தவர்களுக்கு என்று இல்லை, தொட்டவர்களுக்கு.

பிச்சையம்மாள் என்று ஒரு விதவை. வாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையைக் கயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கூடவே நடப்பாள்.

"ஏ பிச்சை, இப்படி இழுத்தா கயிறு அறுந்துரும்டி" என்று கேலி செய்வார்கள்.

"நான் கையை எடுத்தா வலை திரும்பக் கடலுக்குப் போயிரும், பாத்துக்கோ" என்பாள்.

அவளுக்கும் ஒரு கூறு விழும்.

சங்கத்துக்குத் தலைவர் கயத்தான். அவர் குருவாகப் பிடித்துக்கொண்டது உபதேசியார் வியாகுலத்தை. கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிறவர், கயத்தானைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனைவி போனபிறகு கயத்தான் எதைக் கேட்பதென்றாலும் அவரிடம்தான் கேட்பார்.

ஒரு வருசம் கம்பெனி வந்தது. பல தேசத்துக் கடைகளுக்கு மீன் அனுப்புகிற பெரிய கம்பெனி. வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். மரியாதையான ஆள்.

"வலை, ஐஸ் ரூம், கரை மூணையும் மூணு வருசத்துக்கு எங்ககிட்ட விடுங்க. யாருக்கும் நஷ்டம் இல்லை. வீட்டுக்கு வீடு கம்பெனியில பங்கு உண்டு" என்றார்.

எங்கள் ஊர்களில் ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கிற கோயில் எல்லையையும் பங்கு என்றுதான் சொல்வோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்.

"கோயிலும் பங்கு, மீனும் பங்கு, இப்போ கம்பெனியும் பங்கா? அப்போ சாருக்கு ஞானஸ்நானம் குடுத்துர வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

தாளைச் சத்தமாக வாசித்தது உபதேசியார். பங்கு என்ற சொல் பல இடத்தில் வந்தது. வந்த இடமெல்லாம் ஜனம் தலையாட்டியது. அறுபது குடும்பமும் கையெழுத்துப் போட்டது.

அடுத்த மாதம் கரையில் கம்பி வேலி. கயிறு இழுக்க மெஷின். மீன் பெட்டியில் அடைபட்டு விமானத்துக்குப் போனது. முதல் நாள் காலையிலேயே பிச்சையம்மாள் உள்ளே போய், மெஷின் இழுத்த கயிற்றில் கையை வைத்தாள். காவலாள் கையைத் தட்டிவிட்டான்.

"என் பங்கு" என்றாள்.

"அது காகிதத்துல இருக்குக்கா. வருசக் கூட்டத்துல சொல்லுவாங்க."

"கூட்டம் எங்க?"

அவன் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான். அவளால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மழைக்குள் பிச்சையம்மாள் போய்விட்டாள். பட்டினி என்று யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று கோயில் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதியது உபதேசியார்.

மூன்று வருசம் முடிந்ததும் கம்பெனி மறுபடி தாள் கொண்டுவந்தது. இந்தத் தடவை வருசக்கணக்கு இல்லை, ஒரேயடியாக. சனிக்கிழமை கூட்டம். தலைவர் கையெழுத்துதான் முதலில் விழ வேண்டும். பாதி வீடுகளில் யாராவது ஒருவர் கம்பெனி வேலையில் இருந்தார்கள். கயத்தானின் மகளைக் கட்டிய ரெக்சனே வேலி வாசலில் காவல் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் கயத்தான் உபதேசியாரிடம் போனார்.

"போடவா, வேண்டாமா?"

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"வேலிக்குப் போய் உங்க பங்கைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

கயத்தான் போனார். ரெக்சன் காக்கிச் சட்டையில் நின்றான்.

"என்ன மாமா, காலையிலேயே?"

"என் பங்கை வாங்கிட்டுப் போக வந்தேன்."

ரெக்சன் சிரித்தான். மாமனார் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். முன்னாலும் பின்னாலும் பார்த்தான். பெட்டிக்கு ஆகாதென்று ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்து, பேப்பரில் சுற்றி, வேலி இடுக்கில் நீட்டினான்.

"சட்டைக்குள்ள வச்சுக்கோங்க மாமா. கேமரா இருக்கு, என் வேலை போயிரும்."

கயத்தான் மீனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊர் நடுவே நடந்தார். அந்தக் கடலில் நாற்பது வருசம் வலை போட்ட மனுசன்.

உபதேசியார் கேட்டார்: "பங்கு கிடைச்சுதா?"

"மீன் கிடைச்சுது."

கயத்தான் சட்டைக்குள்ளிருந்து மீனை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"அன்னைக்குத் தாளை வாசிச்சது நீரு."

"நான்தான்."

"ஏன் சொல்லலை?"

"பங்குன்னு வாசிச்சப்போ எனக்கும் நம்ம கூறுதான் கண்ணுல வந்துச்சு அண்ணே. எனக்கு வாசிக்கத் தெரியும்னு நீங்க எல்லாரும் நம்புனீங்க. நானும் நம்பிட்டேன்."

சனிக்கிழமை கூட்டத்தில் கயத்தான் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியில் வேலை பார்க்கிற சவேரி எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"உன் வீட்டுக்குள்ள சம்பளம் வருது, நீ பேசுவே. எங்க பிழைப்புல ஏன் மண்ணைப் போடுற?"

பதினோரு குடும்பம் கயத்தான் பக்கம் நின்றது. மற்ற எல்லாரும் போட்டுவிட்டார்கள். பெரும்பான்மை போட்டால் போதும் என்று தாளில் இருந்ததாம். கரை போனது. அடுத்த வாரமே ரெக்சனுக்கு வேலை போனது. கயத்தானின் மகள் அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பதினோரு குடும்பமும் கிழிந்த வலைத் துண்டுகளை முடிந்து ஒரு வலை செய்தார்கள். நல்ல மணல் எல்லாம் வேலிக்குள் இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது பாறைக்கட்டு, யாரும் வலை போடாத இடம். நாலு நாள் வெறும் வலை வந்தது, கல்லில் கிழிந்து வந்தது. ஐந்தாம் நாள் கொஞ்சம் சாளை மீன்.

அன்று வெயில் ஏறியபிறகு கயத்தான் மூச்சு வாங்க உபதேசியாரிடம் ஓடி வந்தார்.

"இழுத்துட்டு இருக்கும்போது கயிறு திடீர்னு லேசாச்சு. திரும்பிப் பாத்தா பின்னால இருபது முப்பது பேர் பிடிச்சு நிக்கானுவ. எல்லாம் கையெழுத்துப் போட்ட பயலுவ. கம்பெனியில ஆளைக் குறைச்சிட்டாங்களாம்."

"ம்."

"சவேரியும் நிக்கான். என் சட்டையைப் பிடிச்ச அதே கை, வே."

"ம்."

"இருக்கது ரெண்டு கூடைச் சாளை. எங்க பதினோரு வீட்டுக்கே ஒரு வேளைக்குக் காணாது. இவனுங்களுக்கும் குடுக்கணுமா? நீரு சொல்லும்."

உபதேசியார் கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்த்தார்.

"ஐஸ் இருக்கா அண்ணே?"

"ஐஸுக்கு நான் எங்க போக? ஐஸ் ரூம் அவன்கிட்டல்லா இருக்கு."

"அப்போ ஏன் இங்க நிக்கீங்க? மீன் கெட்டுரும். போய்க் கூறு போடுங்க."

எத்தனை கூறு என்று கயத்தான் கேட்கவில்லை.

இவ்வளவுதான் மைனி சொன்னது. இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இன்றைய செபத்தில் அந்தக் கரையில் இருக்கிறவர்களை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். ரெக்சனுக்கு இன்னும் வேலை அமையவில்லையாம். அவன் பெயரையும் சொல்லுங்கள்.